ஒளியின் மாத்திரை

கல்லூரித் தாயின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க் குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியப் பொருளொன்றையே எடுத்துக்கொள்வேன் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். சிலம்பு கூறும் ஊழ்வினையைப் பற்றியோ, வள்ளுவர் வகுத்த நடுவுநிலைமையைப் பற்றியோ எழுதுவது எனக்கும் எளிதாயிருந்திருக்கும். எனினும், கணினியின் உள்ளே நிகழும் நுண்பணியொன்றைப் பற்றி எழுதத் துணிந்தேன். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழன்றி விஞ்ஞானப் பட்டம் எதுவும் பெறாத ஒருவன் இதனை எழுதப் புகுந்தது ஏன் என வினவுவார்க்கு என் விடை ஒன்றே. யான் ஒரு மாணவனுக்குத் தவறான விடை கூறினேன். அத்தவற்றை வகுப்பிலே ஒப்புக்கொண்டேன். எழுத்திலும் திருத்தி வைத்தல் நன்றெனக் கருதுகின்றேன். பொருளிற் குறை காணப்படின், விஞ்ஞானம் வல்ல பழைய மாணவர் பொறுத்தருள்வாராக.

நிகழ்ந்தது இது. நமது கல்லூரி மண்டபத்திலே பாடங்களைத் திரையிற் காட்டுவதற்கெனச் சிறு கணினியொன்று உண்டு. பழைய மாணவர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்தது. உள்ளங்கையளவேயான ராஸ்பெரி பை என்னும் வகையினது. லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையால் இயங்குவது. ஆசிரியர் நின்ற இடத்தில் நின்றவாறே பாடத்தின் பக்கங்களைப் புரட்டுவதற்கு வாய்ப்பாக, ரிமோட் கொன்றோலின் கதிரை வாங்கும் சிறு கருவியொன்றும் அதனோடு பொருத்தப்பட்டிருந்தது. அதற்குரிய ரிமோட் ஒருநாட் கீழே விழுந்து பழுதாயிற்று.

மறுநாள், உயர்தர வகுப்பு மாணவனொருவன் தன் வீட்டிலிருந்து பழைய ரிமோட் ஒன்றைக் கொண்டுவந்தான். அதற்குரிய இசைத்தட்டுப் பெட்டி எப்பொழுதோ பழுதடைந்து போயிற்றாம். ரிமோட் மாத்திரம் லயன் அறையின் தட்டொன்றிற் கிடந்ததாம். அவன் அதனைக் கணினிக்கு நேரே பிடித்து அழுத்தினான். திரையில் அசைவில்லை. "ஐயா, இதன் மொழி இந்தக் கணினிக்குத் தெரியவில்லைப் போலும். நாம் அதற்குக் கற்பிக்க முடியாதா?" என்று கேட்டான். "அது கணினி செய்தவர்களுடைய வேலை, தம்பி. நம்மால் ஆவதன்று. புதிதாக ஒன்று வாங்குவோம்" என்றேன். அவன் மறுமொழி கூறாது அந்த ரிமோட்டைச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு போனான்.

என் விடை பிழையானது. அது ஏன் பிழையானது என்பதை விளக்க, அந்த ரிமோட் என்ன மொழி பேசுகின்றது, அம்மொழியைக் கணினியினுள் யார் கேட்கின்றார், புதுமொழியை அவர்க்குக் கற்பிக்கும் உரிமை எவர்க்கு உண்டு என்னும் மூன்றனையும் முறையே காண்பாம்.

புலனாகா ஒளி

ஞாயிற்றொளியை அரியத்தினூடு செலுத்தினால் ஊதா முதற் சிவப்பு ஈறாக நிறங்கள் விரியும். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியல் அறிஞர் அந்நிறங்களின் வெப்பத்தை அளந்தார். சிவப்புக்கு அப்பால், நிறம் எதுவும் தோன்றாத இடத்தில் வைத்த வெப்பமானியும் வெப்பம் காட்டக் கண்டு வியந்தார். கண்ணுக்குப் புலனாகாத அக்கதிரையே செந்நிறக்கீழ்க் கதிர் என்கின்றோம். தமிழகத்தார் அகச்சிவப்புக் கதிர் என்பர். ரிமோட்டின் முனையிற் சிறு கண்ணாடி மணி போலத் தோன்றும் இருவாயி காலுவது இக்கதிரையே. அதன் அலைநீளம் பெரும்பாலும் 940 நனோமீற்றர் அளவினது. நம் கண் காணாத இதனைச் சில கைத்தொலைபேசிகளின் கமெராக் கண் காணும். ரிமோட்டை அக்கமெராவுக்கு நேரே பிடித்து அழுத்தினால், வெளிறிய ஊதா நிறத்தில் மினுக்கம் தோன்றுவதை மாணவர் தாமே பார்க்கலாம்.

தொலைவிலிருந்து பெட்டியை ஆளும் முயற்சி ஒளியோடுதான் தொடங்கியது என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் ஒளியாற் பட்ட இடர் ஒன்று ஈண்டு அறியத்தக்கது. 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செனித் நிறுவனத்தார், ஒளிக்கற்றை பாய்ச்சித் தொலைக்காட்சியை இயக்கும் கைவிளக்கொன்றை வெளியிட்டனர். அதனை அமைத்தவர் யூஜீன் பொலி என்பார். சாளரத்தினூடு புகுந்த வெயிலும் அத்தொலைக்காட்சியை இயக்கிவிட்டது! ஆதலின் மறு ஆண்டிலே அந்நிறுவனத்து ரொபேட் அட்லர், செவிக்கெட்டா ஒலியாற் பணிபுரியும் கருவியை அமைத்தார். செந்நிறக்கீழ்க் கதிர் வீடுதோறும் பரவியது 1980ஆம் ஆண்டுகளிலேயாம்.

வெயிலிலும், இழை மின்குமிழிலும், அடுப்பு நெருப்பிலும் இக்கதிர் உண்டு. அவற்றினிடையே ரிமோட்டின் குரலை வேறு பிரித்து அறிவது எங்ஙனம்? விடை எளிது. ரிமோட் தன் ஒளியைத் தொடர்ச்சியாக விடுவதில்லை. ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 38,000 முறை என்னும் கடுவேகத்தில் விட்டு விட்டு மினுக்குகின்றது. இதனை ஊர்தி மீடிறன் என்பர். வெயில் அவ்வாறு மினுங்குவதில்லை. கதிரை வாங்கும் கருவி இம்மீடிறனில் மினுங்கும் ஒளியை மாத்திரம் ஏற்று ஏனையவற்றைத் தள்ளிவிடும். அது கணினிக்குக் கூறுவது இரண்டே செய்தி: "இப்பொழுது ஒளி உண்டு", "இப்பொழுது ஒளி இல்லை". இவ்விரண்டைக் கொண்டு பொருள் உணர்த்துவது எவ்வாறு? இங்கேதான் தமிழாசிரியன் நிமிர்ந்து உட்கார்கின்றான்.

குறிலும் நெடிலும்

நம் முன்னோர் எழுத்துக்குக் கால அளவு வகுத்தனர். கண் இமைக்கும் பொழுது, அன்றேற் கை நொடிக்கும் பொழுது ஒரு மாத்திரை எனத் தொல்காப்பியர் கூறுவார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. கல் என்பதற்கும் கால் என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு கால அளவேயன்றிப் பிறிதில்லை. ஒரு மாத்திரை கூடியதால் மலையிற் கிடந்த கல் நடக்கும் கால் ஆயிற்று. ரிமோட்டின் மொழியும் இம்மாத்திரைக் கணக்கே. அதன் மாத்திரை மாத்திரம் மிகமிகச் சிறிது. செக்கனைப் பத்து இலட்சம் கூறாக்கி, அக்கூறாகிய மைக்ரோசெக்கனால் அதனை அளத்தல் வேண்டும்.

சோனி நிறுவனத்தார் வகுத்த முறையை முதற்கண் நோக்குக. அதில் 600 மைக்ரோசெக்கன் நீளும் ஒளி சுழியத்தைக் குறிக்கும். 1,200 மைக்ரோசெக்கன் நீளும் ஒளி ஒன்றைக் குறிக்கும். இடைவெளி யாண்டும் 600. ஒன்றுக்கு இரண்டு என்னும் குறில் நெடில் விகிதம் அப்படியே அமைந்திருத்தல் காண்க. செய்தியின் தொடக்கத்தை அறிவிக்க 2,400 மைக்ரோசெக்கன் நீண்ட ஒளியொன்று முன்வரும். இதனை நான்கு மாத்திரை அளபெடையெனலாம்.

என்.ஈ.சி. என்னும் ஜப்பானிய நிறுவனத்தார் வகுத்த முறை சிறிது வேறு. அதில் ஒளி யாண்டும் ஒரே நீளம், 562.5 மைக்ரோசெக்கன். மாறுபடுவது ஒளியை அடுத்து வரும் மௌனமே. மௌனமும் 562.5 ஆயின் சுழியம். அதன் மும்மடங்காகிய 1,687.5 ஆயின் ஒன்று. தொடக்கத்தில் 9 மில்லிசெக்கன் ஒளியும் 4.5 மில்லிசெக்கன் மௌனமும் தலைக்குறியாக நிற்கும். பின்னர் 32 துவித இலக்கங்கள் வரும். முதல் எட்டும் எந்தப் பெட்டிக்கு என்னும் முகவரி. அடுத்த எட்டும் அதே முகவரியின் மறுதலை, அஃதாவது சுழியம் நின்ற இடத்தில் ஒன்றும், ஒன்று நின்ற இடத்தில் சுழியமும் வருவது. அவ்வாறே கட்டளை எட்டும் அதன் மறுதலை எட்டும் தொடரும். இறுதியில் முற்றுப்புள்ளி போல ஒரு குற்றொளி வரும்.

மறுதலையை ஏன் கூறல் வேண்டும்? வழியில் ஓரிலக்கம் சிதைந்தாலும், கேட்பவன் இரண்டையும் ஒப்பிட்டுப் பிழையைக் கண்டுகொள்வான். மற்றுமொரு நயமும் உண்டு. எந்தக் கட்டளையாயினும் மொத்தத்திற் பதினாறு சுழியமும் பதினாறு ஒன்றும் வந்தே தீரும். சுழியம் ஒன்றுக்கு 1.125 மில்லிசெக்கன், ஒன்றுக்கு 2.25 மில்லிசெக்கன், ஆகவே இலக்கங்கள் அனைத்தும் 54 மில்லிசெக்கன். தலைக்குறியின் 13.5 கூட்ட 67.5. எச்செய்தியும் இதே நீளம்! சீர் மாறினும் அடியின் நீளம் மாறாத செய்யுள் போன்றது இது.

பிலிப்ஸ் நிறுவனத்தாரின் ஆர்.சி. 5 முறையிலோ நீளமும் பொருளன்று, வரிசையே பொருள். ஒவ்வோர் இலக்கமும் 889 மைக்ரோசெக்கன் கொண்ட இரு பாதியாகப் பகுக்கப்படும். ஒளி முன்னும் மௌனம் பின்னும் வந்தால் ஒரு பொருள். மௌனம் முன்னும் ஒளி பின்னும் வந்தால் மற்றொரு பொருள். இவையன்றி ஜே.வி.சி., சான்யோ, ஷார்ப் எனப் பல முறைகள் உண்டு. பெயரற்ற மலிவான பெட்டிகளிலோ, அவற்றைச் செய்தவர் தம் விருப்பப்படி வகுத்துக்கொண்ட கிளைமொழிகள் எண்ணில.

நம் தோட்டத்து மூத்தோர்க்கு இஃது எளிதில் விளங்கும். விடியற்காலையிற் பிரட்டுக்கு அழைத்த தப்பும், திருவிழாவில் முழங்கும் தப்பும், இறந்தவர் வீட்டிலிருந்து எழும் தப்பும் ஒரே தோற்கருவியிற் பிறப்பனவே. மேட்டு லயத்திலிருந்து கேட்பவர் அடியையும் அடிக்கிடைப்பட்ட இடைவெளியையும் கொண்டே செய்தி இன்னதென அறிவர். ஆனால் அந்த அடிமுறையிற் பழகாத அயலூரார்க்கு அது வெறும் ஒலி. நம் மாணவன் கொண்டுவந்த ரிமோட்டுக்கு முன்னே நம் கணினியும் அத்தகைய அயலூரானாகவே நின்றது.

கேட்பவன் யார்?

இனி, இம்மொழியைக் கணினியினுள்ளே கேட்பவன் யார் என்பது. பணிசெயல் முறைமையின் உள்ளீடான பகுதியைக் கேர்னல் என்பர். பருப்பு, வித்தினகம் என்பது அச்சொல்லின் பொருள். நினைவகத்தைப் பங்கிடுவதும், எந்தச் செய்நிரல் எப்பொழுது ஓடுவது என வகுப்பதும், விசைப்பலகை, திரை, வலைத்தொடர்பு முதலியவற்றோடு நேரே பேசுவதும் அதன் தொழில். ஏனைய செய்நிரல்கள் அதனிடம் கேட்டுப் பெறுவனவேயன்றி வன்பொருளைத் தாமாகத் தீண்டா. தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திர அறைக்கு இதனை ஒப்பிடலாம். அங்கே பழுது நேர்ந்தால், கொழுந்து அரைக்கும் தளம் முதற் சலிக்கும் தளம் வரை யாவும் நிற்கும். கேர்னலிலே சிறு பிழை புகுந்தாலும் முழுக் கணினியும் நின்றுபோதல் கூடும்.

லினக்ஸ் கேர்னல் 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அதன் மூலநிரல் மறைக்கப்படுவதில்லை. எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். இன்று அன்ட்ரோயிட் கைத்தொலைபேசிகள் யாவற்றுள்ளும் அதுவே உள்ளது. ஆகவே, தம்மிடம் லினக்ஸ் இல்லை எனக் கருதுவோர் பலர், அதனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அவ்வாறு கூறுகின்றனர்.

ரிமோட்டின் ஒளியைக் கேர்னலிலே பொருள்கொள்ளும் பொது அமைப்பு 2010ஆம் ஆண்டளவில் லினக்ஸில் உருப்பெற்றது. என்.ஈ.சி., ஆர்.சி. 5, சோனி முதலிய புகழ்பெற்ற முறைகள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பொருள்கோள் நிரல் அதனுள் எழுதி வைக்கப்பட்டது. அறிந்த மொழியாயின், அழுத்திய விசை விசைப்பலகையில் அழுத்தியது போலவே எல்லாச் செய்நிரலுக்கும் சென்று சேரும். அறியாத மொழியாயின் கேர்னல் வாளாவிருக்கும்.

அறியாத மொழியை என் செய்வது? முன்னர் இருவழிகள் இருந்தன. ஒன்று, புதிய பொருள்கோள் நிரலை எழுதிக் கேர்னலிற் சேர்ப்பது. அதற்குக் கேர்னலைப் பேணுவோரின் ஆய்வும் இசைவும் வேண்டும். சேர்ந்த பின்னரும் அப்புதிய பதிப்பு நம் கணினிக்கு வந்தடையப் பன்மாதங்கள் ஆகும். உலகில் ஒரு வீட்டில் மாத்திரம் உள்ள ரிமோட்டுக்காக எல்லாருடைய கேர்னலையும் பெருக்குவதும் தகாது. மற்றது, ஒளியின் கால அளவுகளை மாத்திரம் வெளியே பெற்று, லிர்க் என்னும் தனிச் செய்நிரலாற் பொருள் காண்பது. இவ்வழி நெடுநாள் வழங்கியது, இன்றும் உதவுவது. ஆயினும் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் தனிச் செய்நிரலொன்று அதற்கு வேண்டும். அது கண்ட பொருளை மீண்டும் உரிய இடத்துக்கு அனுப்பவும் வேண்டும்.

மூன்றாவது வழியொன்று 2018ஆம் ஆண்டிற் பிறந்தது. அதுவே இக்கட்டுரையின் உயிர்நிலை.

மடுவத்துச் சோதனை

அவ்வழியின் வேர் வேறோரிடத்தில் உள்ளது. 1992ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்டீவன் மக்கேன், வான் ஜேக்கப்சன் என்னும் இருவர், வலைத்தொடர்பில் ஓடும் செய்திப் பொதிகளுள் வேண்டியவற்றை மாத்திரம் கேர்னலிலேயே வடித்தெடுக்க ஒரு முறை வகுத்தனர். வெளியிலிருப்பவர் சிறு செய்நிரலொன்றை எழுதிக் கேர்னலிடம் கொடுப்பார். கேர்னல் அதனை உள்ளே ஓட்டி விடை சொல்லும். இம்முறை பி.பி.எப். எனப்பட்டது. 2014ஆம் ஆண்டில் அலெக்சே ஸ்தாரவோய்தொவ் என்பார் இதனை விரிவாக்கி லினக்ஸிலே நிறுவினார். அதன் பின்னர் வடித்தலன்றி வேறு பணிகளுக்கும் அது பயன்படலாயிற்று.

இங்கே கூரிய வினாவொன்று எழும். இயந்திர அறைக்குள் அயலாரை விடலாமோ? அவர் எழுதிய நிரல் முடிவின்றிச் சுழன்றுகொண்டே இருந்தால் என்னாகும்? தனக்கு உரியதல்லாத நினைவகத்தில் எழுதிவிட்டால் என்னாகும்?

இதற்குக் கேர்னல் கண்ட விடை, சோதியாமல் எதனையும் உள்ளே விடாமை. கொடுக்கப்பட்ட செய்நிரல் ஓடத் தொடங்குமுன், சரிபார்ப்பி எனத்தக்க பகுதியொன்று அதன் ஒவ்வொரு கட்டளையையும், அது செல்லக்கூடிய ஒவ்வொரு கிளைவழியையும் நடந்து பார்க்கும். முடிவுக்கு வாராத வழியுண்டாயின் தள்ளிவிடும். எல்லை கடந்த நினைவகத்தைத் தொடும் வழியுண்டாயினும் தள்ளிவிடும். மதிப்பிடப்படாத இடத்திலிருந்து மதிப்பை எடுத்துப் பயன்படுத்தினாலும் தள்ளிவிடும். தற்காலிகமாக எழுதிப் பார்க்க அதற்குத் தரப்படும் இடம் 512 பைற்று மாத்திரமே. 2018இல் ஒரு செய்நிரலுக்கு 4,096 கட்டளைகளே உச்ச எல்லை. பின்னோக்கிச் சுழலும் கட்டளைக்கு இடமே இல்லை. 2019ஆம் ஆண்டிலேதான் உயர் உரிமையோடு ஏற்றப்படும் நிரலுக்கு அவ்வெல்லை பத்து இலட்சமாக உயர்த்தப்பட்டது. முடிவுண்டு எனத் தெளிவாகும் சுழற்சிகளுக்கும் இசைவளிக்கப்பட்டது.

மடுவத்திலே கொழுந்து நிறுக்கப்படுவதை நம்முள் அறியாதார் இலர். முற்றிய இலையும் தண்டும் கலந்துள்ளனவா என்று கூடையைக் கிளறிப் பார்த்த பின்னரே கொழுந்து தொழிற்சாலைக்குச் செல்லும். கொய்தவர் யார், அவர் எந்த லயத்தவர் என்பது கொழுந்தின் தரத்தை ஆக்குவதுமில்லை, குறைப்பதுமில்லை. கூடையில் உள்ளதே தீர்ப்பு. சரிபார்ப்பியின் நடுவுநிலையும் இத்தகையது. செய்நிரலை எழுதியவர் பேராசிரியரோ பாடசாலை மாணவரோ என அது நோக்குவதில்லை. ஒன்றை மறவாது கூறல் வேண்டும்: செய்நிரலைக் கேர்னலில் ஏற்றுவதற்கு அக்கணினியின் மேலாளர் உரிமை வேண்டும். வழியிற் போவோர் எவரும் ஏற்றிவிட முடியாது.

இவ்வமைப்பை ரிமோட்டின் ஒளிக்குப் பொருத்தியவர் ஷோன் யங் என்பார். அவர் எழுதியது 2018ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் வெளியான லினக்ஸ் 4.18ஆம் பதிப்பிலே சேர்ந்தது. அது தொழிற்படும் முறை வருமாறு. வாங்கும் கருவியிலிருந்து ஒவ்வோர் ஒளியும், ஒவ்வொரு மௌனமும் முடியுந்தோறும், நாம் ஏற்றிய செய்நிரல் ஒருமுறை அழைக்கப்படும். அதன் கையில் ஒரே ஓர் எண் தரப்படும். 32 துவித இலக்கம் கொண்டது. மேலுள்ள எட்டும் வந்தது ஒளியா மௌனமா என்பதைக் கூறும். எஞ்சிய இருபத்து நான்கும் அது எத்துணை மைக்ரோசெக்கன் நீடித்தது என்பதைக் கூறும்.

செய்நிரல் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுப்பப்படுவதால், முன்னர்க் கேட்டதைத் தானாக நினைவிற் கொள்ளாது. ஆதலின் குறிப்பேடு போன்ற நினைவிடமொன்று அதற்கு அளிக்கப்படுகின்றது. "தலைக்குறி வந்தது, ஏழிலக்கம் கேட்டேன், அவை இவை" என அதிற் குறித்து வைக்கும். இலக்கங்கள் யாவும் நிறைந்ததும், "இன்ன எண்ணுக்குரிய விசை அழுத்தப்பட்டது" எனக் கேர்னலுக்கு அறிவிக்கும். விசையை விடாது அழுத்திக்கொண்டிருப்பின், "முன்னது தொடர்கின்றது" என அறிவிக்கவும் வழியுண்டு. அந்த எண்ணுக்கு உரியது "அடுத்த பக்கம்" என்பதோ "ஒலியைக் குறை" என்பதோ தனிப் பட்டியலொன்றில் எழுதப்பட்டிருக்கும். ஆக, கேர்னலைத் தொடாமலும், அதன் புதுப்பதிப்புக்குக் காத்திராமலும், ஓடிக்கொண்டிருக்கும் கணினியை நிறுத்தாமலும், அதற்குப் புதுமொழி கற்பிக்கலாம். கேர்னலை அமைத்தவர் இவ்வசதியைச் சேர்த்திருத்தல் ஒன்றே முன்வேண்டுவது.

இதனால் எல்லாம் ஆகிவிடும் என எண்ணற்க. 38,000 மீடிறனுக்கு அமைந்த வாங்கி, அதனின்று விலகிய மீடிறனில் மினுங்கும் ரிமோட்டை நன்கு கேளாது. அக்குறையைச் செய்நிரலால் நீக்க இயலாது. மின்கலம் சோர்ந்த ரிமோட்டுக்கும் இதில் மருந்தில்லை.

ஒரு மாலைப்பொழுது

என் பிழையான விடைக்குச் சில கிழமைகளின் பின், கொழும்பிலே மென்பொருட்டுறையிற் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் ஊர் வந்தார், கல்லூரிக்கும் வந்தார். பேச்சிடையே ரிமோட் பழுதான கதையைக் கூறினேன். "ஐயா, கற்பிக்கலாமே!" என்றார் அவர். அம்மாணவனை அழைத்தேன். அவன் சட்டைப் பையிலிருந்து அதே ரிமோட்டை எடுத்தான். யான் முடியாது என்ற பின்னரும் அவன் அதனை எறிந்துவிடவில்லை.

முதலில் ஒளியின் கால அளவுகளைத் திரையில் எழுதிக் காட்டும் சிறு செய்நிரலை ஓட்டினர். ஒரு விசையை அழுத்தியதும் எண்கள் வரிசையாக வந்தன: ஒளி 6,020, மௌனம் 2,980; பின்னர் ஒளி 560, மௌனம் 540; ஒளி 545, மௌனம் 1,660; இவ்வாறே நீண்டது. மாணவன் அவற்றைத் தன் அப்பியாசக் கொப்பியிற் பெயர்த்தெழுதினான். எழுதிய பின் அவன் செய்தது என்னை அசைத்துவிட்டது. குறு மௌனத்தின் கீழ் ஒரு குறியும், நெடு மௌனத்தின் கீழ் வேறொரு குறியுமாக இட்டுக்கொண்டே போனான். வெண்பாவை அலகிடுவதற்கு யான் கரும்பலகையில் இட்டுக் காட்டும் அதே குறிகள்! "இதையும் அலகிடலாம்தானே, ஐயா?" என்றான்.

அளவுகள் ஒவ்வொரு முறையும் சிறிது மாறின. 540 வந்த இடத்தில் மறுமுறை 575 வந்தது. அதனாற் குற்றமில்லை. ஒருவர் கூறும் குறில் மற்றொருவர் கூறுவதினும் சற்று நீளினும் நம் செவி அதனை நெடிலெனக் கொள்வதில்லை அன்றோ? செய்நிரலுக்கும் அவ்வாறே இத்துணை வரை பொறுக்கலாம் என்னும் எல்லையை வகுத்தல் வேண்டும். எல்லை குறுகினால் நல்ல செய்தியும் தள்ளப்படும். அகன்றால் குறிலும் நெடிலும் மயங்கும்.

மௌனத்தின் நீளத்தாற் பொருள் தரும் மொழிகளுக்கெனப் பொதுவாக எழுதப்பட்ட பி.பி.எப். செய்நிரலொன்று முன்னரே உள்ளதென்றும், அதற்கு நம் அளவுகளை மாத்திரம் கொடுத்தாற் போதுமென்றும் பழைய மாணவர் கூறினார். தலைக்குறி 6,000, 3,000, ஒளி 550, குறு மௌனம் 550, நெடு மௌனம் 1,650, இலக்கம் 23 என மாணவன் கோப்பொன்றில் எழுதினான். ஏற்றியதும், சரிபார்ப்பி மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது. அழுத்தினான், எண் வந்தது. மற்றொன்றை அழுத்தினான், வேறெண் வந்தது. ஆனால் இரு விசைகளுக்கு ஒரே எண் வந்தது. பழைய மாணவர் விடையை அறிந்தும் வாய் திறக்கவில்லை. மாணவன் கொப்பியை எடுத்து மீண்டும் ஒவ்வொன்றாக எண்ணினான். இலக்கம் 24, ஈற்றிலக்கத்தை அவன் விட்டுவிட்டான். அவ்விரு விசைகளும் அந்த ஈற்றிலக்கத்தில் மாத்திரமே வேறுபட்டன. 23ஐ 24 எனத் திருத்தினான். அழுத்தினான்.

திரையில் நின்றிருந்தது எனது நன்னூற் பாடம். அஃது ஒரு பக்கம் நகர்ந்தது.

சொல்ல வேண்டியது

மறுநாள் அதே வகுப்பில், "முடியாது என்று யான் சொன்னது பிழை" என்றேன். மாணவர் சிரிக்கவில்லை. அது எனக்கு மேலும் பாரமாயிருந்தது. எத்தனை வினாக்களுக்கு யான் இத்தகைய விடை கூறியிருப்பேனோ, எத்தனை பேர் சட்டைப் பையில் இட்டதைப் பின்னர் எறிந்துவிட்டனரோ என எண்ணினேன். அறியாமையால், "எனக்குத் தெரியாது" என்று ஆசிரியன் கூறுவது குற்றமன்று. "நம்மால் ஆவதன்று" என்பதே குற்றம். முன்னது தேடுமாறு விடுவது. பின்னது கதவை அடைப்பது.

நம் மலையகத்தவர் பிறர் செய்ததைப் பெற்றுப் பயன்கொள்வோராகவே நெடுங்காலம் இருந்துவிட்டோம். 2,524 மீற்றர் உயர்ந்த பீதுருதலாகலை மலையுச்சியிலிருந்து தொலைக்காட்சி ஒளிபரப்பு நம் தலைக்கு மேலேயே செல்கின்றது. அற்றனிலும் நுவரெலியாவிலும் கடைதோறும் கைத்தொலைபேசி விற்கப்படுகின்றது. அவற்றினுள்ளே என்ன நிகழ்கின்றது என்பது நமக்கு உரிய வினாவன்று என்னும் எண்ணம், யாரும் கூறாமலே நம் பிள்ளைகளின் உள்ளத்திற் புகுந்துவிடுகின்றது. யானும் அதற்கு ஒரு நாள் துணைபோனேன். கேர்னலோ எவர்க்கும் வாயிலைத் திறந்தே வைத்திருக்கின்றது. அது வேண்டுவது ஒன்றே: கொண்டுவருவது சோதனைக்கு நிற்க வேண்டும்.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். கணினியும் திரையும் தந்தீர்கள், நன்றி. ஊருக்கு வரும்போது ஒரு மாலைப்பொழுதையும் தாருங்கள். விடையை அறிந்தும் வாய் திறவாதிருக்கும் பொறுமையை உடன் கொண்டுவாருங்கள். மாணவர்க்கு ஒரு சொல்: யாப்பிலக்கணம் எதற்கு உதவும் என இனி என்னிடம் கேளாதீர், உங்கள் தோழனிடம் கேளுங்கள். ஆசிரியத் தோழர்க்குக் கூறுவதற்கு எனக்குத் தகுதியில்லை. எனக்கே கூறிக்கொள்கின்றேன்: வினாவோடு வரும் பிள்ளையின் சட்டைப் பையில் என்ன உளது என்று முதலிற் பார்.

வாழ்க நம் கல்லூரித் தாய்! வளர்க அவள் மக்கள்!